எலிக்கு ஏது சாவி?

டேங்கின் திறந்த வாயில் காதை வைத்து, நடுவிரல் முட்டியால் அதன் வயிற்றில் இரண்டு தட்டு தட்டி, "எங்க, நல்லா இருமு பாப்போம்" என்கிறாள் டேங்க் அக்கா. சொல்வது டேங்கிடம்தான். எதிரே நிற்கும் வண்டிக்காரர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, வாயைப் பொத்தி, மரியாதையாக ஒருமுறை இருமிவிடுகிறார். அக்கா நிமிர்ந்து பார்க்கிறாள். "உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. நெஞ்சு கணீர்னு இருக்கு. வண்டிக்குத்தான் சளி."

சளி என்று அவள் சொல்வது துருவை. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்குக்குள் என்னவெல்லாம் போய்ச் சேருமோ அதையெல்லாம் வெளியே எடுப்பது அவள் தொழில். வேறு எதையும் தொடமாட்டாள். பிரேக் பிடிக்கவில்லை, விளக்கு எரியவில்லை என்று யாராவது வந்து நின்றால், கல்யாண வீட்டுக்கு விலாசம் தப்பி வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் பலகையைக் காட்டுவாள். 'இங்கு டேங்க் மட்டும்' என்று அதில் பெரிதாகவும், கீழே 'மற்றதெல்லாம் எதிரே' என்று பொடியாகவும் எழுதியிருக்கும். எதிரே என்றால் சாலைக்கு அந்தப் பக்கம். அங்கே இருக்கிற மெக்கானிக் கடை அவளுடைய கணவருடையது.

நாற்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு, அதைவிட ஒல்லியான மணிக்கட்டு. மேலே எப்போதும் ஒரு பழைய முழுக்கைச் சட்டை. அதன் பையில் சின்ன டார்ச், ஒரு கொக்கிக் கம்பி, கயிற்றில் கட்டிய காந்தம். சிகரெட் வாசனையோடு யாராவது வாசற்படியில் கால் வைத்தால் போதும். "ஏங்க, வாழ்க்கை வெறுத்துப்போயிருந்தா எதிர்க்கடையில போய் நில்லுங்க. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்" என்பாள். 

வேலையில் அவளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெட்ரோலைத் துணியில் வடிகட்டிக் கேனில் பிடித்துத் தள்ளி வைப்பாள். அடியில் இருக்கும் குழாயைத் திருகி எடுத்து, அந்த ஓட்டையை ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டால் அடைப்பாள். பிறகு சோப்புத் தண்ணீர், அதோடு ஒரு பிடி நட்டுகள். எண்ணித்தான் போடுவாள்: பதினேழு. மூடியை இறுக்கியதும் டேங்கைத் தூக்கி வண்டிக்காரரின் கையில் கொடுத்துவிடுவாள்.

"குலுக்குங்க."

"நானா?"

"பின்ன? வண்டி யாரோடது? நூறு எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க. நடுவுல இருபதை முழுங்கக் கூடாது."

நட்டுகள் உள்ளே உருண்டு துருவைச் சுரண்டுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். நாற்பதைத் தாண்டும்போது அலுவலகக்காரர்கள் கழுத்துப் பொத்தானைக் கழற்றுவார்கள். எழுபதில், இனிமேல் கண்ட இடத்தில் பெட்ரோல் போடமாட்டேன் என்று தாங்களாகவே சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் அக்காவின் பங்கு. கழுவி, வினிகர் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து, சோடா மாவு கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, காய்ந்த கையோடு ஒரு குவளை பெட்ரோல் விட்டு உள்ளே எல்லாப் பக்கமும் புரட்டி எடுப்பாள். "ஈரத் தலையோட வெளிய அனுப்பினா மறுபடி சளி பிடிக்காதா?" நட்டுகள் பதினேழும் திரும்பி வந்து தட்டில் வரிசையாக உட்கார்ந்த பிறகுதான் டேங்க் கடையை விட்டுப் போகும்.

அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு குடும்பச் சண்டை இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்பு வரை இருவரும் ஒரே கடையில்தான் இருந்தார்கள். அவள் உதிரிப் பாகங்களைப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் மெக்கானிக் தன் கையாலேயே ஒரு டேங்கைக் குலுக்கிக் கழுவிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அந்த வண்டிக்காரர் திரும்பி வந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டேங்க் சலங்கை கட்டிக்கொண்டு ஆடுகிறது என்றார். அக்கா உள்ளே காந்தத்தை விட்டாள். வெளியே வந்தது ஒரே ஒரு நட்டு.

"எண்ணிப் போட்டீங்களா?"

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். என்னைப் போய் நட்டு எண்ணச் சொல்றியா?"

அடுத்த வாரமே எதிரே காலியாகக் கிடந்த எட்டடிக் கடையை எடுத்துவிட்டாள். வீட்டில் அவர்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. ஷட்டர் ஏறிய பிறகுதான் எல்லைக்கோடு. வேலை நேரத்தில் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். வாடிக்கையாளர் வழியாகத்தான் எல்லாம். "அந்தம்மாகிட்டச் சொல்லுங்க, இது மதியத்துக்குள்ள வேணும்னு" என்பார் அவர். "அந்த ஐயாகிட்டச் சொல்லுங்க, நான் எண்ணிப் பாத்துத்தான் குடுப்பேன், நேரமாகும்னு" என்பாள் இவள். இருவர் சொன்னதும் இருவருக்கும் நன்றாகவே கேட்டிருக்கும். இருந்தாலும் நடுவில் மாட்டிக்கொண்டவர் சாலையைக் கடந்து போய்ச் சொல்லியாக வேண்டும். அதுதான் முறை.

அக்காவின் பெரிய சந்தோஷம், டேங்கிலிருந்து வந்ததைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவது. காட்டுவதோடு நிற்காது, ஜாதகம் கணிக்கிற மாதிரி ஆளையும் கணிப்பாள். ஒரு டேங்கில் ஒடிந்த குச்சித் துண்டுகள் இருபத்திரண்டு இருந்தன. "பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு குச்சி விட்டுப் பாக்குறவரு. இவரு வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பாப்பாரு" என்றாள். "நாலு" என்றாள் கூட வந்திருந்த அவர் மனைவி. இன்னொன்றில் பொம்மைக் காரின் சக்கரம், சட்டைப் பொத்தான், பாதி அழிரப்பர். "வீட்டுல ரெண்டு வயசு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாள். மூன்று வயது என்றார் தகப்பனார். "அதானே பாத்தேன். ரெண்டு வயசுக்கு இவ்வளவு விவரம் வராது."

எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று அந்தத் தெருவே அவளைப் பற்றிச் சொல்லும். வயிற்றில் ஒன்று தங்கக் கூடாது அவளுக்கு. டேங்கின் வயிறானாலும் சரி, தன் வயிறானாலும் சரி. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு குப்பியை மட்டும் யாருக்கும் காட்டாமல் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

அந்தக் குப்பிக்குக் காரணமானவளை அக்கா ஊசிப் பொண்ணு என்று கூப்பிடுவாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துச் சோதிக்கிறவள், இருபத்தாறு வயது, காலை ஏழு மணிக்குக் கூடத்தைத் திறக்க வேண்டிய பொறுப்பு அவளுடையது. அவளுடைய மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலில் கிளம்பி, தெரு திரும்பும்போது இருமி நின்றுவிடுகிறது என்று மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு, டேங்கை எதிரே அனுப்பினார்.

அக்கா டார்ச் அடித்துப் பார்த்தாள். காந்தத்தை விட்டாள், ஒன்றும் ஒட்டவில்லை. துணியைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்தாள். மஞ்சள் மஞ்சளாக, உருண்டையாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பிடி தானியம் கொட்டியது. தினை. குழாயின் மேலே இருக்கும் வலைச் சல்லடையைச் சுற்றி அதன் உமியும் தூளும் தோல்போல ஒட்டிப் பெட்ரோலை மறித்திருந்தன.

"எலியோட வேலைன்னு சொல்லுங்க" என்று எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது.

"எலிக்கு ஏது சாவின்னு கேளுங்க" என்றாள் அக்கா. அந்த வண்டியில் டேங்க் மூடி சாவி போட்டால்தான் திறக்கும்.

ஊசிப் பொண்ணுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தொலைபேசியில் யாரிடமோ தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்ரோல் போடுகிற இடத்தில் யாரோ விளையாடியிருப்பார்கள் என்று அக்கா அன்றைக்கு அதை விட்டுவிட்டாள். பன்னிரண்டாம் நாள் வண்டி திரும்பி வந்தது. உள்ளே அதே தினை, அதே ஒரு பிடி. இந்த முறை அக்கா குப்பியைக் காட்டாமல் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏம்மா, உங்க வீட்டுல கோழி கீழி வளக்கிறீங்களா?"

"இல்லக்கா. அப்பா லவ் பேர்ட்ஸ் வச்சிருக்காரு. பால்கனி முழுக்க அதுங்கதான்."

"ஓகோ. வண்டிச் சாவியெல்லாம் எங்க வைப்பீங்க?"

"ஹால்ல ஆணியில தொங்கும். ஏன்க்கா?"

"சும்மா. வண்டி நின்னதும் வேலைக்கு எப்படிப் போன?"

"அப்பா ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டாரு. நல்லவேளை, குளிச்சு, சட்டை மாட்டி, தலை சீவி ரெடியா நின்னாரு."

"காலையில ஆறரை மணிக்கு, எங்கயும் போக வேண்டாத மனுஷன், தலை சீவி ரெடியா நின்னாரு" என்று அக்கா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு கிளம்பி, உதடு வரை வந்து, அங்கேயே நின்றது. பிடிக்காத ஆள் செய்கிற வேலையாக இருந்தால் உள்ளே மணல் இருந்திருக்கும். மணல் போனால் இன்ஜினுக்கே கேடு. தினை சல்லடையைத் தாண்டாது. வண்டி நிற்கும், வண்டிக்கு ஒரு கீறல் விழாது. வண்டிமீது பாசம் வைத்துக்கொண்டே வண்டியை நிறுத்துகிற ஆள் எப்படிப்பட்ட ஆளாக இருக்கும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் குப்பியைத் தூக்க அவளுக்கு மனம் வரவில்லை. "துரும்மா, துரு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பத்தே நாளில் மூன்றாவது முறையும் வந்தது. இந்தத் தடவை ஊசிப் பொண்ணு அழுகிற நிலைமையில் இருந்தாள்.

"அக்கா, மேலதிகாரி கடைசித் தடவைன்னு சொல்லிட்டாரு. ஏழு மணிக்கு வெறும் வயித்தோட வந்து வரிசையில நிக்கிறாங்க, நான் போய்க் கதவைத் திறக்கும்போது ஏழே முக்கால். அப்பா முப்பதுக்கு மேல ஓட்டமாட்டாரு. ஸ்கூல் பஸ் ஓட்டுன பழக்கம். ஒவ்வொரு முனையிலயும் நின்னு, யாராவது ஏறுறாங்களான்னு பாக்குறாரு!"

"சரிம்மா, சரி..."

"எனக்கு இந்த வண்டியே வேணாம். லேபுக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் பாத்திருக்கேன். அடுத்த வாரம் போயிடப்போறேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல."

அப்போது எதிரிலிருந்து மெக்கானிக்கின் குரல் தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது. "அந்தம்மாகிட்டக் கேளுங்க, இது எத்தனாவது தடவைன்னு! நட்டெல்லாம் எண்ணிப் போட்டாங்களாமே!" ஏழு வருஷமாகக் காத்திருந்த சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது. அவர் கடையில் நின்றிருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். அக்காவின் கடையில் டேங்கோடு காத்திருந்த இரண்டு பேர், அப்புறம் வருகிறோம் என்று தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

குப்பியைத் தூக்கிக் காட்டினால் போதும். ஒரே நொடியில் அவள் பெயர் தெளிந்துவிடும். எதிர்க்கடையின் வாயும் அடைந்துவிடும். அவள் கை அலமாரி வரை போயிற்று. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். இந்த நிமிஷம் விஷயம் தெரிந்தால் அடுத்த வாரம்கூடக் காத்திருக்கமாட்டாள், இன்றைக்கே பெட்டியோடு போய்விடுவாள்.

"என் தப்புதாம்மா" என்றாள் அக்கா. "சரியாக் காயவைக்காம விட்டுட்டேன். துரு ஏறிடுச்சு."

எதிர்க்கடையில் சிரிப்பு சட்டென்று நின்றது. மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பானர் நழுவித் தரையில் விழுந்தது. கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் அவர் கேட்டிராத ஒரு வாக்கியம் அது.

"நாளைக்கு டேங்கை எடுக்க உங்கப்பாவை அனுப்பு" என்றாள் அக்கா. "மூணாவது தடவைன்னா பெரியவங்க ஒருத்தர் வந்து பாத்துத்தான் எடுத்துட்டுப் போகணும். எங்க கடை வழக்கம்." அந்த வழக்கம் பிறந்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மறுநாள் பத்து மணிக்கு அவர் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தி, இடது கண்ணாடியைப் பார்த்து, வலது கண்ணாடியைப் பார்த்து, கழுத்தைத் திருப்பிப் பின்னாலும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கடைசிப் பிள்ளை இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் அவரால் எந்த வண்டியை விட்டும் இறங்க முடியாது. தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. அக்கா வாங்க என்றாள். அடுத்த வார்த்தையாக டேங்கைக் கையில் கொடுத்தாள்.

"நூறு. சத்தமா."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. நிதானமாக, ஒரே சீராகக் குலுக்க ஆரம்பித்தார். இருபது தாண்டியதும் அக்கா பேச்சை எடுத்தாள்.

"உங்க வீட்டுல எலி உண்டா?"

"எலியா? இல்லையே. இருபத்திமூணு. இருபத்திநாலு."

"இந்த டேங்குக்குள்ள ஒரு எலி வந்து போகுதுங்க. ரொம்ப நல்ல வளர்ப்பு. ஆணியிலேர்ந்து சாவியை எடுக்குது, மூடியைத் திறக்குது, கொண்டுவந்ததைப் போடுது, மறுபடி பூட்டி, சாவியை இருந்த இடத்துலயே மாட்டிட்டுப் போகுது."

முப்பதுக்குப் பிறகு மறுபடியும் ஒரு முப்பது வந்தது.

"வண்டியைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச எலி. மணலு போட்டா இன்ஜின் கெட்டுடும்னு அதுக்குத் தெரியும். தினை போட்டா சல்லடையோட நின்னுடும்னும் தெரியும். ரொம்ப வருஷம் பெரிய வண்டி ஓட்டுன எலியாத்தான் இருக்கணும். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவர் நாற்பத்தொன்றில் நிறுத்திவிட்டார். அக்கா அலமாரிக்குப் பின்னாலிருந்து குப்பியை எடுத்து அவர் எதிரில் வைத்தாள். மூன்று பிடித் தினையும் அதில் இருந்தது. அவர் டேங்கைக் கீழே வைக்காமல், கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு நின்றார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"துருன்னு சொல்லியிருக்கேன்."

 அவர் தானாகவே பேசினார். "வீட்டுல பேசமாட்டா. கோவமெல்லாம் இல்ல, அசதி. வருவா, சாப்பிடுவா, படுத்துடுவா. ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்தா மட்டும் என் முதுகைப் பாத்துக்கிட்டு எல்லாத்தையும் சொல்லுவா. யாரு ஊசியைப் பாத்ததும் மயங்கி விழுந்தாங்க, யாரு பேரை மாத்திச் சொன்னாங்க, எல்லாம். வழியில நாலு சிக்னல் இருக்கு. நாலும் சிவப்பு விழணும்னு வேண்டிக்கிட்டே ஓட்டுவேன்."

"உன்னை நான் விடட்டுமான்னு கேக்க வேண்டியதுதானே?"

"எப்படிக் கேக்கறது? அவகிட்ட வண்டி இருக்கு. நான்தான் பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தேன்." அவருக்கே சிரிப்பு வந்தது. "என் பின்னாடி எப்பவும் அறுபது பிள்ளைங்க கத்திக்கிட்டே இருக்கும்மா. இப்ப திரும்பிப் பாத்தா பறவைங்கதான்."

அக்காவுக்குள் இன்னொரு சேதி அடைத்துக்கொண்டு நின்றது. அடைப்பு எடுக்கிறது அவள் தொழில், உடனே எடுத்தாள். "பெரியவரே, அவ ரூம் பாத்திருக்கா. லேபுக்குப் பக்கத்துல. அடுத்த வாரம் போறா."

டேங்குக்குள் ஒரு நட்டு உருண்டு ஓய்கிற சத்தம் கேட்டது. அவர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"எப்ப முடிவு பண்ணினா?"

"நீங்க மூணாவது பிடி போட்ட அன்னிக்கு."

டேங்கைக் கீழே வைத்தார். பிறகு எழுந்தார். "இப்பவே போய்ச் சொல்லிடறேன். என்ன வேணா சொல்லட்டும்."

"உக்காருங்க. சொல்றதை எப்ப வேணா சொல்லலாம்" என்றாள் அக்கா. வாசலில் நின்ற ஸ்கூட்டரை அவள் கண் அளந்துகொண்டிருந்தது. "உங்க ஸ்கூட்டர் எப்படி ஓடுது?"

"தங்கமா ஓடுது."

"அங்கதான் தப்பு. அது எதுக்கு ஓடணும்?"

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் பதறினார். "நான் அவ பின்னாடி உக்காந்து போறதா? இத்தனை வருஷத்துல நான் யார் பின்னாடியும் உக்காந்ததே இல்லைங்க."

"முதுகைப் பாத்தாத்தானே பேச்சு வருது? அது யாரு முதுகா இருந்தா என்ன?"

"எங்க போகணும்னு கேட்டா என்ன சொல்றது?"

"இங்க. என் கடைக்குக் குலுக்க ஆள் வேணும். போகும்போது விட்டுட்டுப் போகட்டும், வரும்போது ஏத்திக்கிட்டுப் போகட்டும். இங்க வர்றதுக்குள்ள எத்தனை சிக்னல்?"

"ரெண்டு."

"சாயங்காலம் ரெண்டு. கணக்கு சரியாப்போச்சு."

சொன்னதோடு நிற்காமல் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி, நான்கு போல்ட்டைக் கழற்றி, டேங்கை வெளியே எடுத்துவிட்டாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. ஒரு தூசி இல்லை. தன் வண்டியை அவர் அப்படி வைத்திருந்தார். "அடேயப்பா, எவ்வளவு துரு!" என்று சாலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சொன்னாள். மோட்டார் சைக்கிள் டேங்கை மெக்கானிக்கிடம் அனுப்பி அன்றைக்கே மாட்டவைத்தாள். ஸ்கூட்டர் அவள் கடைச் சுவரோரம் சாக்கு போர்த்தி நின்றது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ஊசிப் பொண்ணின் வண்டி வந்து நின்றது. பின்னால் அப்பா. ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னாலிருந்தே கையை நீட்டிச் சைகை காட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "அப்பா, இண்டிகேட்டர் போட்டிருக்கேன்பா!" என்று அவள் கத்துவது தெருமுனையிலேயே கேட்டது. ஓட்டும்போது டிரைவர் பேசக் கூடாது என்பது பஸ்ஸில் எழுதிப் போட்டிருந்த விதி. இப்போது அவர் டிரைவர் இல்லை. முப்பத்தொரு வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் மகளின் தோளுக்கு மேலே அவிழ்த்துவிட்டார். எந்தப் பையன் பஸ்ஸிலேயே தூங்கிப் போய்க் கடைசி நிறுத்தம் வரை வந்தான், எந்தப் பெண் தினமும் ஒரு செருப்போடு ஏறினாள் என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் சிரித்துக்கொண்டு ஓட்டினாள். சில நாள் பச்சை விழுந்த பிறகும் நின்றுகொண்டிருப்பாளாம். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்க வேண்டியிருக்கிறதாம். 

ஒரு வாரம் கழித்து அவள் கேட்டாள். "அக்கா, அப்பா வண்டி எப்ப ரெடியாகும்?"

"ஊறுதும்மா."

"அது ரெடியானாத்தான் நான் ரூமுக்குப் போக முடியும். அதுவரைக்கும் அப்பாவை யாரு கொண்டுவந்து விடுவாங்க?"

"அதுவும் சரிதான். நல்லா ஊறட்டும்."

இரண்டாவது வாரமும் ஊறியது. மூன்றாவது வாரத்தில் எதிர்க்கடை விழித்துக்கொண்டது. "ஊருல ஒரு நாள்ல முடியற வேலையை ஒருத்தங்க ஒரு மாசமா ஊறவைக்கிறாங்களாம்" என்று மெக்கானிக் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வாடிக்கையாளர்கள் கேலி செய்தார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்: "பழைய துருங்க." இரவுச் சாப்பாட்டின்போது மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஸ்கூட்டர் டேங்க்ல என்னதான் இருக்கு?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

"கடை விஷயம் வீட்டுல பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு அக்கா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

பஸ்காரர் இதற்குள் குலுக்குவதில் கைதேர்ந்துவிட்டார். வண்டிக்காரர்கள் எண்ணும்போது இருபதை முழுங்கினால், "தம்பி, பின்னாடி போங்க, ஒண்ணு தவறிடுச்சு" என்று பள்ளிக்கூடக் குரலில் அதட்டுவார். காலைக் குலுக்கல் முடிந்தால் வாசலில் நின்று, சாலையைக் கடக்கிறவர்களுக்காகக் கை காட்டி வண்டிகளை நிறுத்துவார். மெக்கானிக்குக்கும் அக்காவுக்கும் நடுவே சேதி கொண்டுபோகிற வேலையும் தானாகவே அவருக்கு வந்து சேர்ந்தது.

ஐந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை. ஊசிப் பொண்ணு சாயங்காலம் கொஞ்சம் முன்னாடியே வந்துவிட்டாள். அவள் அப்பா கடைக்குள்ளே, சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு யாருடைய டேங்கையோ குலுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது என்று அவர் குரல் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அலமாரியின் அடித்தட்டில் இருந்த ஸ்கூட்டர் டேங்கைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தத் துருவை நானும் ஒரு தடவை பாக்கட்டுமா?"

அக்காவுக்குப் பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் அவள் டேங்கை இழுத்து, மூடியைத் திறந்து, தன் தொலைபேசியின் விளக்கைப் போட்டுவிட்டாள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து நாள் முழுவதும் உற்றுப் பார்க்கிறவள். உள்ளே வினிகர் இல்லை, துரு இல்லை. விளக்கு பட்டு நான்கு பக்கமும் மின்னியது. அவள் விளக்கை அணைத்தாள். பிறகு தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தொண்ணூற்றொன்றில் இருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, உதட்டில் சிரிப்பு.

அவள் மெதுவாக மூடியைத் திருகி மூடினாள்.

"ஆமாக்கா" என்றாள். "நிறையத்தான் இருக்கு. நீங்க அவசரப்பட வேணாம்."

 அக்கா கொடியில் கிடந்த சுத்தமான துணி ஒன்றை உருவிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஊசிப் பொண்ணின் வண்டி சீட்டில், பின்பக்கத்துப் பாதியை மட்டும், மூலைமுடுக்கு விடாமல் துடைத்தாள்.